ஒத்திகைப் பிணம்

ஜீவண் நாயக் சாவதில் கெட்டிக்காரர். பரூச் வட்டாரத் தொழிற்பேட்டைகளில் அவரைப் போல விழவும், துடிக்கவும், வாயோரம் நுரை தள்ளவும், கடைசியில் இடது காலை மட்டும் லேசாக ஓர் உதறு உதறி அடங்கவும் வேறு ஆள் கிடையாது. இதைத் தொழிலகப் பாதுகாப்பு வல்லுநர் மகாசபையே எழுந்து நின்று கைதட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த மகாசபை லேசில் எழுந்து நிற்காது. சாப்பாடு தயார் என்று யாராவது வந்து சொல்ல வேண்டும்.

பிழைப்புக்கு அவர் பவாய் என்கிற தெருக்கூத்து ஆடுகிற கூத்தாடி. கோமாளி வேஷம். மழைக்காலத்தில் கூத்து கிடையாது. அப்படியொரு மழைக்காலத்தில்தான் மகாசபையின் செயலாளர் மிருதுளாபென் வைத்யா அவர் வீட்டைத் தேடி வந்து, ஆலைகளில் விபத்து ஒத்திகை நடத்தும்போது அடிபட்டவராக நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தில் அக்கா தங்கையெல்லாம் ‘பென்’, அண்ணன் தம்பியெல்லாம் ‘பாய்’. முன்பெல்லாம் ஆலைத் தொழிலாளி ஒருவரையே படுக்க வைத்துப் பார்த்தார்களாம். படுத்தவர்கள் எல்லோரும் நிஜமாகவே தூங்கிப் போனார்கள். இரட்டை ஷிப்டு பார்த்தவனைப் படுக்கச் சொன்னால் பாவம், வேறென்ன செய்வான்?

மகாசபையில் தொழிலாளி யாரும் உறுப்பினர் கிடையாது. ஆலைகளின் பாதுகாப்பு அதிகாரிகள், ஆலோசகர்கள், ஓய்வுபெற்ற ஆய்வாளர்கள், தலைக்கவசம் விற்கிறவர்கள் என்று கூடியிருப்பவர்கள் எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் பட்ட எழுத்துகள் அனுமார் வாலாக நீளும். ஆலைகள் சந்தா கட்டும். மகாசபை அவற்றுக்கு மதிப்பெண் போடும். முதலில் வருகிற ஆலைக்கு மார்ச் மாதத்துப் பாதுகாப்பு வார விழாவில் ‘பூஜ்ய விபத்துக் கேடயம்’ கொடுக்கும். சந்தா கட்டாத ஆலைகளில்தான் விபத்து நடக்கிறது என்பது அதன் நீண்டகால அனுபவம்.

தலைவர் ஹர்ஷவதன் தலால் எந்த மேடையில் ஏறினாலும் ஒரே பேச்சுத்தான் பேசுவார். “இந்த மகாசபை ஆரம்பிச்ச நாள்லருந்து நம்ம உறுப்பினர் ஒருத்தருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா? ஒரு நகம் பேர்ந்திருக்கா? கிடையாது! நம்ம வழிமுறைகள் வேலை செய்யுதுன்னு காட்ட இதைவிட என்னய்யா சாட்சி வேணும்?”

கைதட்டல் கூரையைப் பிளக்கும். செத்தது போலப் படுத்திருக்கும் ஜீவணுக்கும் சேர்ந்து தட்டக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வார்.

அந்த வருஷம் கேடயத்துக்கு முன்னணியில் நின்றது நிர்பய் வர்ண உத்யோக் என்ற சாய ஆலை. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அங்கே முன்னோட்ட ஒத்திகை வைத்தார்கள். கழிவுநீர்த் தொட்டிகளில் ஐந்தாவதைக் கழுவ இறங்கிய ஆள் விஷவாயு தாக்கி விழுந்துவிட்டான், அவனைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. தொட்டிக்குள் இறங்கினால் நடிகருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று விளிம்பில் ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தைக்கு மேலே நிழலுக்குத் துணிப்பந்தல் வேறு.

விசில் ஊதியதும் ஜீவண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். துடித்தார். காலை உதறினார். சங்கு அலறியது. மஞ்சள் தலைக்கவசங்கள் எட்டுத் திக்கிலிருந்தும் ஓடி வந்தன.

“மூச்சுக் கவசம் எங்கய்யா?”

“கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கு சாகேப். உடைக்கட்டுமா?”

“ஐயோ, உடைச்சுத் தொலைச்சுடாதே! சீல் பிரியாம இருந்தா முழு மார்க்கு. எடுத்ததா வெச்சுக்க.”

“எடுத்தாச்சு சாகேப்.”

“மாட்டினியா?”

“மாட்டியாச்சு சாகேப்.”

கண்ணை மூடியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜீவணுக்குப் பக்கத்தில் யாரோ படுத்திருப்பது தெரிந்தது. புளித்த வாடை வந்தது. தோளில் ஈரம் பட்டது. ஒரு கண்ணை அரைவாசி திறந்து பார்த்தார். இருபத்தைந்து முப்பது வயது ஆள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு கைகளும் முழங்கை வரை நீலம்.

உதடு அசையாமல் பேசுவது கூத்தாடிக்குக் கைவந்த வித்தை. “உன்னையும் நடிக்கக் கூப்பிட்டாங்களா தம்பி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“இல்ல பாய். நான் இங்கயேதான் இருக்கேன்.”

“ஷிப்டா?”

“ஷிப்டு எப்பவோ முடிஞ்சுது. வெளிய போகத்தான் முடியல.” அந்த ஆள் சுற்றி நிற்கிற மஞ்சள் தலைகளை ஆச்சரியமாகப் பார்த்தான். “உங்களுக்கு மட்டும் எப்படி பாய் இத்தனை பேர் ஓடி வர்றாங்க? நான் அன்னிக்கு உள்ளருந்து கத்தினேன், கத்தினேன், ஒரு ஈ காக்கா வரல.”

ஜீவண் எத்தனையோ முறை செத்திருக்கிறார், பயந்தது அன்றுதான். அதற்குள் தூக்குக் கட்டில் வந்துவிட்டது. நாலு பேர் அவரைப் பூப்போலத் தூக்கி வைத்தார்கள். அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, “ஓரமா எடம் இருந்தா நானும் ஏறிக்கட்டுமா?” என்று கேட்டான். வேறு யார் காதிலும் அது விழவில்லை. கட்டில் நகர்ந்தது. மெத்தையில் ஜீவண் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு ஈரம் படிந்திருந்தது. மதிப்பெண் போடுகிறவர் குனிந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“தண்ணியெல்லாம் ஊத்தி வெச்சிருக்காங்களே! நல்ல தத்ரூபம்.”

ஒத்திகை முடிந்து எல்லோருக்கும் டோக்ளாவும் பொரித்த பச்சைமிளகாயும் கொடுத்தார்கள். ஜீவணுக்கு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு மிருதுளாபென்னிடம் போனார்.

“பென், அந்த அஞ்சாவது தொட்டியில யாராவது செத்துப் போயிருக்காங்களா?”

“இந்த ஆலையிலயா? கேடயத்துக்கு நிக்கற ஆலை ஜீவண்பாய், கண்டதையும் பேசாதீங்க.” மிருதுளாபென் கெட்டவர் இல்லை. ஒத்திகையில் ஜீவணுக்கு முட்டி சிராய்த்தால் மருந்து தடவிவிடுகிறவர். அதனால் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “தீவாளி கழிச்சு ஒப்பந்தக்காரன் ஆளு ஒருத்தன் மயங்கி விழுந்தான். தேசலா ராட்வான்னு பேரு. வண்டியில ஏத்திக் கேட்டைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் நாடி நின்னுச்சு. மகாசபையே குழு போட்டு விசாரிச்சு எழுதிடுச்சு. கேட்டுக்கு வெளிய ரோடு. ரோடு நம்ம வரம்புக்குள்ள வராது.”

“மயங்கினது உள்ளதான பென்?”

“மயக்கம் உடம்பு சமாச்சாரம். அது எப்படி விபத்தாகும்?”

அந்த விசாரணைக் குழுவில் மிருதுளாபென்னும் இருந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் மிளகாயைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

ஜீவண் வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெண்ணும் வயசான ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் மடியில் ஒரு புதுத் துணி மடித்து இருந்தது. பக்கத்தில் ஓர் அகல்விளக்கு, ஒரு கைப்பிடி மக்காச்சோளம், மூடி போட்ட சின்ன பாட்டில். காவலாளி அவர்களை விரட்டுவதும், அவர்கள் ரெண்டு அடி தள்ளி உட்கார்வதுமாக இருந்தது.

“என்ன வேணுமாம் இவங்களுக்கு?” என்று ஜீவண் காவலாளியைக் கேட்டார்.

“செத்தவனோட உயிரைக் கூட்டிட்டுப் போகணுமாம். உள்ள விடணுமாம்.” காவலாளி சிரித்தான். “ஆளே உள்ள வரணும்னா அட்டை கேக்கறோம். இதுல உயிர் வேற.”

ஜீவண் போய் அவர்கள் பக்கத்தில் குந்தினார். அந்தப் பெண் சும்லி, சோட்டா உதேப்பூர் மலைக்காட்டிலிருந்து வந்தவள், தேசலாவின் மனைவி. கூட இருந்தவர் நான்சிங், அவர்கள் ஊர்ப் பட்வோ, சாமியாடிப் பூசாரி. இப்படி அகாலமாகப் போகிறவர்கள் போன இடத்திலேயே நின்றுவிடுவார்கள். சொந்தக்காரர்கள் அந்த இடத்துக்கே வந்து விளக்கேற்றி, சோளம் தூவி, நாலு சொட்டு இலுப்பைச் சாராயம் விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த இடத்துக் கல் ஒன்றில் உயிரை வாங்கிக்கொண்டு போய் ஊர் எல்லையில் முன்னோர் கற்களோடு நட வேண்டும். அவர்களுக்கு இது பிறப்பு, கல்யாணம் மாதிரி ஒரு கடமை.

“செத்தது ஆஸ்பத்திரி போற வழியிலன்னு எழுதிக் குடுத்தாங்க பாய்” என்றாள் சும்லி. “சரின்னு ஆஸ்பத்திரில போய்க் கூப்பிட்டோம். அங்க நெறைய பேர் நிக்கறாங்க, உன் ஆள் இல்லன்னுட்டாரு பட்வோ. அப்புறம் ரோட்டுல கூப்பிட்டோம். லாரிக்காரன் திட்டினான். ரோட்லயும் இல்ல. உள்ளதான் இருக்காரு. ரெண்டு நிமிசம் விட்டாப் போதும், கூட்டிட்டுப் போயிருவேன். தெனம் அவருக்குன்னு ஒரு ரொட்டி எடுத்து வெக்கறேன். தொடாமயே காயுது.”

ஜீவண் அவள் மடியிலிருந்த புதுத் துணியைப் பார்த்தார். பிறகு, “உன் புருஷனுக்கு முழங்கை வரைக்கும் நீலமா இருக்குமா பென்?” என்று கேட்டார்.

“எவ்வளவு தேச்சாலும் போகாது. புள்ளையத் தூக்கக்கூட யோசிப்பாரு.” சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அவள் அழவில்லை. “ரொம்ப எளைச்சிட்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுவாரம் அவர் அவர்களை மகாசபையின் செயற்குழுக் கூட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். மனிதருக்கு மனிதர் பேசினால் புரியாமலா போகும் என்று நினைத்தார். கூத்தாடி என்றாலும் அப்பாவி. சும்லியையும் பட்வோவையும் அறையில் நுழையும்போதே தலைக்கவசம் மாட்டச் சொன்னார்கள். கூட்ட அறையில் தலையில் விழ ஒன்றும் இல்லை, மின்விசிறியைத் தவிர. ஆனால் வெளியாட்களுக்கு விதி அப்படி.

ஆலை மேலாளர் பிபின் சாகேப் முதலில் எழுந்தார். “உள்ள விடறதுல எனக்குத் தனிப்பட்ட ஆட்சேபம் இல்ல. எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. ஆனா தொட்டிகிட்ட நின்னு கூப்பிட்டா, தொட்டியிலதான் செத்தான்னு ஆகும். அப்படி ஆனா கேடயம் போச்சு. ஒரு கேடயத்துக்குப் பின்னாடி எத்தனை பேரோட உழைப்பு இருக்குன்னு நினைச்சுப் பாருங்க.”

“ஆனா சாகேப், அவரு அங்க இருக்காரே. நானே பேசினேன்” என்றார் ஜீவண்.

வல்லுநர்கள் விழித்துக்கொண்டார்கள். அவர்கள் துறையில் ஒரு புதுப் பிரச்சினை கிடைத்து நாளாகியிருந்தது.

“இருக்கான்னா, எந்த அடிப்படையில இருக்கான்?” என்றார் ஓய்வுபெற்ற ஆய்வாளர். “ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறமும் வளாகத்துல தங்கினா அது அத்துமீறல்.”

“அதைவிட ஆபத்து வேற இருக்கு” என்றார் ஆலோசகர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றி. “இத்தனை மாசமா தொட்டிக்குள்ள கவசம் இல்லாம வாயுவுல இருந்திருக்கான்னா, அனுமதிச்ச அளவைத் தாண்டிப் பல மடங்கு ஆயிருக்கும். ஒரு ஆன்மாவுக்கு அனுமதிச்ச அளவு என்னன்னு நம்மகிட்ட வரையறையே இல்லையே! அதனால அவன் அங்க இல்லாம இருக்கறதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு.”

“விளக்கு கொளுத்தணும்ங்கறாங்க. தீ அனுமதி யார் குடுக்கறது?”

“சாராயம் வேற. மதுவிலக்கு இருக்கற நம்ம மாநிலத்துல!”

“கூட்டிட்டுப் போறப்ப எந்த வழியாக் கூட்டிட்டுப் போவாங்க? அவசர வழியிலயா, பொது வழியிலயா?”

தலால் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். முகத்தில் உண்மையான பூரிப்பு தெரிந்தது. “நண்பர்களே, இதுவரை உலகத்துல எந்த அமைப்பும் தொடாத விஷயம் இது. உயிரைக் காப்பாத்தறது பத்தி எல்லாரும் பேசியாச்சு. உயிரை முறைப்படி அப்புறப்படுத்தறது பத்தி நாமதான் முதல்ல வழிமுறை எழுதப் போறோம். துணைக்குழு போடுவோம். அடுத்த வருஷ மாநாட்டுல அறிக்கை வைப்போம்.” பிறகு சும்லி பக்கம் திரும்பி, “அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும்மா. பாதுகாப்புன்னா அவசரப்படக் கூடாது” என்றார்.

சும்லி தலைக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் மெல்ல வைத்தாள். “அவரு அன்னிக்கு மூச்சுக் கவசம் கேட்டாரு சாகேப். பொட்டியத் திறக்கக் கூடாதுன்னாங்களாம். கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்க.”

மிருதுளாபென் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். தேநீர் வந்தது. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போயிற்று. விழாவில் தலைப்பாகையா, சால்வையா என்பது அது.

அன்றைக்குச் சாயங்காலம் ஜீவணுக்கு மூளை வேலை செய்தது. நிஜமாகச் செய்தால் ஆயிரம் தடை சொல்கிறவர்கள், நடித்தால் எதையும் விடுவார்கள். இதை அவர் இத்தனை வருஷம் செத்துச் செத்துத்தான் கற்றிருந்தார். நேரே மிருதுளாபென்னிடம் போனார்.

“பென், விழா ஒத்திகையில இந்தத் தடவை குடும்பத்தையும் சேர்த்தா என்ன? பொண்டாட்டி வர்றா, ஊர்ப் பூசாரி வர்றாரு, கூப்பிடறாங்க. பாக்கறவன் நெஞ்சு வெடிக்கணும். டெல்லிலருந்து பெரிய சாகேப் வேற வர்றாரு.”

டெல்லி சாகேப் என்பவர் மகாசபைக்கெல்லாம் மகாசபையான அகில பாரதப் பேரவையின் தலைவர். மிருதுளாபென் யோசித்தார். “விளக்கு?”

“நாடகச் சாமான்.”

“பாட்டில்ல?”

“நாடகத்துல தண்ணிதான பென் ஊத்துவாங்க.”

மிருதுளாபென் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் ஜீவணுக்குத் தோன்றியது. “தேசலாங்கற பேர் மட்டும் மைக்கில விழாமப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சும்லிதான் தயங்கினாள். “நடிக்கத் தெரியாதே பாய் எனக்கு.”

“நீ எதுக்கும்மா நடிக்கணும்? அவங்க நடிப்பாங்க.”

விழா நாளன்று வெயில் கொளுத்தியது. ஐந்தாவது தொட்டிக்கு எதிரே வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், பன்னீர் செம்பு, பூத்தொட்டிகள். பேட்டையின் எல்லா விளக்குக் கம்பங்களிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். விழாவுக்கு வர முடியாமல் வேலையில் இருக்கிறவர்களும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வேண்டும் அல்லவா? டெல்லி சாகேபின் விமானம் வடோதராவில் தாமதம் என்று செய்தி வந்தது. வந்தவரைக்கும் ஆரம்பிக்கலாம் என்றார் தலால். எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்.

விசில் ஊதியது. ஜீவண் விழுந்தார். கண்ணை மூடுமுன்னே பக்கத்தில் ஈரம் வந்து படுத்தது.

“இன்னிக்கும் ஒத்திகையா பாய்?” என்றது களைத்த குரல்.

“உனக்கு இல்ல தம்பி. அங்க பாரு.”

சும்லி வந்துகொண்டிருந்தாள். நான்சிங் தொட்டி விளிம்பில் விளக்கேற்றினார். சோளத்தைத் தூவினார். பாட்டிலிலிருந்து விட்ட சொட்டுகளின் மணம் முதல் வரிசைக்கு வந்ததும் ஆய்வாளர் ஒருவர் மூக்கை உறிஞ்சி, “தத்ரூபம்” என்றார். பட்வோ சும்லியிடம் தலையசைத்தார். அவள் புருஷன் பெயரை வாழ்நாளில் சொன்னதில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மைக்கை விட்டு விலகிக் குனிந்து, தண்ணீரைப் பார்த்து, ரகசியம் சொல்வது போலக் கூப்பிட்டாள்.

“தேசலா. ஏ தேசலா. வேலை முடிஞ்சுது. எந்திரி. நான் வந்திருக்கேன், வீட்டுக்குப் போலாம் வா.”

ஜீவணின் பக்கத்திலிருந்த ஈரம் எழுந்தது. “போயிட்டு வர்றேன் பாய்” என்றது. சும்லி காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். சின்னக் கல்தான், ஆனாலும் எடுத்தவள் கை கனத்தில் தாழ்ந்தது, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிறவள் போல இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தாள். புதுத் துணியில் சுற்றினாள். பட்வோ முன்னால் நடக்க, திரும்பிப் பாராமல் கேட்டைப் பார்த்து நடந்தாள். பிணமாகக் கிடந்த ஜீவணின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தொழிலில் அவர் செய்த முதல் தப்பு அதுதான்.

“அழுகை பத்தாது” என்று மதிப்பெண் குழுவில் ஒருவர் சொன்னார். “நெஞ்சுல அடிச்சுக்கவே இல்லையே.”

சரியாக அந்த நேரம் டெல்லி சாகேபின் கார் நுழைந்தது. கூட்டம் எழுந்தது. மாலை விழுந்தது. முக்கியமான காட்சியைத் தவறவிட்டுவிட்டேனே என்று அவர் வருத்தப்பட்டார். தலாலுக்கு வேறு என்ன வேண்டும்? மைக்கைப் பிடித்தார்.

“ஏய் அம்மா! நில்லு, நில்லு! திரும்பி வா. அந்தக் கல்லை எடுத்த எடத்துலயே போடு. முதல்லருந்து இன்னொரு தடவை செய். கேட்டை மூடுங்கய்யா!”

கேட் மூடியது. சும்லி நின்றாள். திரும்பவில்லை. துணியைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. நான்சிங் மட்டும் கும்பிட்டபடி, “கீழ வெக்கக் கூடாது சாகேப். வெச்சா அப்புறம் எப்பவும் வர மாட்டான்” என்றார். காவலாளி துணியைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினான்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

“சாகேப்!” என்று ஜீவண் கூத்து மேடைக் குரலில் கூவினார். “டெல்லி சாகேப் முன்னால இந்தக் காட்டு ஜனங்களா? பேசவே வராது, நெஞ்சுல அடிச்சுக்கத் தெரியாது, மானம் போயிரும்! நம்ம செயலாளர் பென்னே பொண்டாட்டி வேஷம் கட்டினா எவ்வளவு கௌரவம்! பட்டம் வாங்கினவங்க செய்யறது வேற இல்லையா?”

முகஸ்துதி சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. டெல்லி சாகேபே ‘ஆகா’ என்றார். தலால் கையசைத்தார். கேட் திறந்தது. சும்லி வெளியே போனாள். ரோட்டைக் கடந்து, வேப்பமரத்தைக் கடந்து, பஸ் நிற்கிற பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் ஜீவண் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நிம்மதியாகப் படுத்தார்.

மிருதுளாபென்னின் தலையில் யாரோ துப்பட்டாவை முக்காடாகப் போட்டுவிட்டார்கள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டிலிலும் மிச்சம் இருந்தது. பிபின் சாகேப் ஓடி வந்து காதைக் கடித்தார். “பேர் எதுவும் வேண்டாம் மேடம். டெல்லி சாகேப் கேப்பாரு, யாருன்னு.”

“பேர் எதுக்கு?” என்றார் தலால். “நம்ம மகாசபை ஆளுக்கு ஆள் பேதம் பாக்கறதில்ல. பொதுவா கூப்பிடுங்க. எல்லாரையும் உள்ளடக்கி.”

ஜீவணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பென், வேண்டாம். பேர் இல்லாம கூப்பிடக் கூடாது.”

“நீங்க செத்துட்டீங்க ஜீவண்பாய், பேசாதீங்க” என்றார் மிருதுளாபென், படபடப்பில். மைக்கை வாங்கிக்கொண்டார். பேட்டை முழுக்க, கொதிகலன் கூடங்களிலும், பூட்டிக் கிடந்த பழைய ஆலைகளிலும், சுற்றுச்சுவர்களிலும், கேட்டுகளுக்கு வெளியே இருந்த ரோடுகளிலும் அவருடைய குரல் தெளிவாக ஒலித்தது.

“அன்பான பணியாளர்களே! இந்தப் பேட்டையில் யார் யார், எங்கெங்கே இருந்தாலும், அனைவரும் எழுந்திருங்கள். வேலை முடிந்தது. என்னோடு வீட்டுக்கு வாருங்கள்.”

முதலில் காற்று நின்றது. பிறகு தொட்டி விளிம்பில் விரல்கள் தெரிந்தன. ஜீவண் கண்ணை இறுக மூடிப் பார்த்தார், மூடினாலும் தெரிந்தது. நாலாவது தொட்டியிலிருந்தும் வந்தார்கள். கொதிகலன் பக்கமிருந்து புருவம் கருகிய ஒருவர் வந்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூள் படிந்த இரண்டு பெண்கள், இருமிக்கொண்டே வந்தார்கள். தன் கையைத் தானே அக்குளில் இடுக்கியபடி ஒருவன் வந்தான். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வரிசையாக நின்றிருந்தவர்கள், அத்தனை ஆலைகளிலிருந்தும் கேட்டைத் தாண்டிய பிறகு நாடி நின்ற ஆட்களும், உள்ளே வரத் தயங்கி, அப்புறம் வந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. யாரோ ஒருவராவது கூப்பிட்டுவிட்டார்களே என்ற ஆறுதல்தான் இருந்தது. அது ஜீவணை இன்னும் உலுக்கியது.

தரையில் கல் கிடைக்காமல் மிருதுளாபென் பூத்தொட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்தார். எடுத்தவர் அதன் கனத்தில் ஒரு கணம் தடுமாறி, அதைக் கீழே விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேடைக்கு நடந்தார். அவர்கள் அவர் பின்னாலேயே நடந்தார்கள். கைதட்டல் பொங்கியது.

டெல்லி சாகேப் முழு மதிப்பெண் போட்டார். கேடயம் நிர்பய் வர்ண உத்யோகுக்குக் கிடைத்தது. தலால் உரையாற்றினார். “இங்க அடிபட்டவன்னு காட்ட நம்மகிட்ட ஒரு ஆள் இல்ல. அதனாலதான் வெளியிலருந்து நடிகரைக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கு. இதுதான் நண்பர்களே, நம்ம சாதனை!” என்றார். காலி நாற்காலிகளின் வெள்ளை உறைகள் ஒவ்வொன்றாக நனைந்தன. டெல்லி சாகேப் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். திறந்தவெளிப் பந்தலில் ஏசி எங்கே இருக்கிறது என்று பையன்கள் தேடினார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஜீவண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் மிருதுளாபென்னின் கார் நின்றிருந்தது. டிரைவர் குனிந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். “காத்து சரியாத்தான் இருக்கு மேடம். ஆனா வண்டி தரையோட தரையா அமுங்கிக் கெடக்கு, ஒரு லாரி ஆளுங்களை ஏத்தின மாதிரி” என்றான்.

மிருதுளாபென் கார்க் கதவைப் பிடித்தபடி உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் அந்தக் கூழாங்கல் அப்படியே இருந்தது. உள்ளே ஏறவும் இல்லை, கதவை மூடவும் இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“ஜீவண்பாய்” என்று கூப்பிட்டார். “இவங்கள்லாம் யாரு?”

“எனக்கு எப்படித் தெரியும் பென்? நீங்கதான கூப்பிட்டீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”